சிந்தாத குழாய்

"இனிமே அந்த முத்தத்துல கூட்ட என்னக்கா கெடக்கு?"

கிணற்றடியில், மடத்து முற்றம் கூட்டும் சடைச்சி பூக்கட்டும் மாரித்தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வாளி கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டது.

சுவருக்கு இந்தப் பக்கம் வெயிலுமுத்து ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது.

இங்கே வந்து நாலு மாதம். தன் வேலையைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை இதுதான் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

*

மடம் என்று பெயர்தான். வற்றிப்போன கண்மாய்க் கரையில் ஓர் அய்யனார் கோயில். பின்னால் ஓடு வேய்ந்த இரண்டு அறை. ஒரு முற்றம்.

முற்றத்தில் பதினாலு கோழிகள். பிள்ளை பிழைத்ததற்கு, காணாமல் போனவன் திரும்பி வந்ததற்கு என்று ஆட்கள் நேர்ந்து விட்டுப்போனவை. அவற்றை அறுக்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள். அவற்றுக்கென்று வரும் கம்பு மூட்டையிலும் மனிதர் கை வைப்பதில்லை.

மடத்தம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது. வெயிலுமுத்துவுக்கு அறுபத்தொன்று. மில்லில் குழாய் ஃபிட்டராக இருந்தவர். தன் மகள் வயதுள்ளவளை அம்மா என்று கூப்பிட அவருக்கு முதல் வாரம் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது.

வந்த அன்று அம்மா கேட்டாள்.

"எதுக்கு வந்தீங்க ஐயா?"

"வீட்டுல இருக்க முடியலம்மா. பொண்டாட்டி போயிட்டா."

"நோயா?"

"சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டே வந்திருக்கா. ஒரு வருஷமா. எனக்குத் தெரியலை. எதிர்ல உக்காந்துதான் சாப்பிட்டேன்."

"வேற என்ன தெரிஞ்சுது?"

அவர் யோசித்தார்.

"வீட்டுல எந்தக் குழாய் ஒழுகினாலும் தெரியும்மா. தூக்கத்துல கூடத் தெரியும்."

அம்மா தலையாட்டினாள்.

"எனக்குப் பாக்கச் சொல்லிக்கொடுங்க. இன்னொரு தடவை அப்படி ஆகக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன்."

"கோழிக்கு இரை போடுங்க."

அவ்வளவுதான் உபதேசம்.

*

காலையில் முற்றத்தின் ஒரு மூலையை அம்மா சாணி போட்டு மெழுகுவாள். காய்ந்ததும் கம்பை வீசுவாள். கையை அகல வீசுவாள். பாதி, கோழிகள் அதிகம் போகாத சுவரோரம் போய் விழும்.

"கோழி கிளறப்போற இடம்தானேம்மா. தின்னு முடிச்சப்புறம் மெழுகினா என்ன?"

"காஞ்சிருச்சான்னு கையை வச்சுப் பாருங்க."

அவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. கேட்ட கேள்வி கேட்டபடியே கிடந்தது.

கோழிகள் அடங்கிய பிறகு சடைச்சி வருவாள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் குடிசை. எழுந்து நடக்க முடியாத அக்காள் ஒருத்தி அங்கே படுக்கையில். சடைச்சிக்குக் கூலி கிடையாது. முற்றம் முழுக்கக் கூட்டி, கூட்டியதைக் ஓலைக் கடகத்தில் அள்ளி, முந்தானையால் மூடிக்கொண்டு பின்வழியாகப் போவாள்.

எருக்குழிக்கு என்று வெயிலுமுத்து நினைத்தார். எருக்குழி முன்வாசல் பக்கம் இருந்தது.

*

ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. வானம் மட்டும் நாள் முழுக்கச் சாம்பல் பூசிக்கொண்டு நின்றது. கோயிலுக்கு ஆள் வரத்து குறைந்தது. ஒன்றரை மூட்டைக் கம்பு மிச்சம்.

"பாதி மண்ணுக்குப் போகுதும்மா. பாக்க வயிறு எரியுது."

அம்மா கம்பை வீசிக்கொண்டே இருந்தாள்.

"நான் ஒண்ணு செய்யட்டுமா? சிந்தாத மாதிரி."

அம்மா முற்றத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"செய்ங்க."

முதலில் எண்ணெய் கேன் ஒன்றில் ஓட்டை போட்டார். சிவப்புப் பெட்டை அலகை உள்ளே விட்டு, பிடிக்காததை எல்லாம் இடமும் வலமுமாக வீசியது. முன்பைவிட அதிகமாகச் சிந்தியது.

பிறகு மில்லில் கழித்துப்போட்ட நாலங்குலக் குழாய்கள் வந்தன. நாலு குழாயை வேப்பமரத்தில் நிமிர்த்திக் கட்டினார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வளைவு. மேலே கொட்டினால் கீழே வாயில் வந்து நிற்கும். தின்னத் தின்ன இறங்கும். வாயின் உயரம் கோழியின் முதுகு உயரம். இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து கோழிகள் தலையை எப்படித் திருப்புகின்றன என்று பார்த்தார். அதற்குத் தகுந்தாற்போல் குழாய்த் துண்டைத் தீயில் வாட்டி, உள்பக்கம் மடிந்த உதடு ஒன்று செய்து நாலு வாய்க்கும் ஒட்டினார். அலகால் வீசினால் கம்பு உதட்டில் பட்டு உள்ளேயே விழும்.

சிவப்புப் பெட்டை வீசிப் பார்த்தது. மறுபடி வீசிப் பார்த்தது. பிறகு போட்டதைத் தின்றது.

வாசலில் பூக்கட்டும் மாரித்தாய் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி கோழிக்கு இரையைக் குழாய்த் தண்ணி மாதிரி இழுத்துட்டாரு. அடுத்து மீட்டர் வச்சுருவாரு."

அம்மா சிரிக்கவில்லை. குனிந்து மரத்தடியைப் பார்த்தாள்.

"ஒரு மணிகூடச் சிந்தாதா?"

"சிந்தாதும்மா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்துட்டேன்."

அம்மா உள்ளே போனாள்.

*

மறுநாள் யாரும் மெழுகவில்லை. தேவை இல்லை.

சடைச்சி வந்தாள். கூட்டினாள். வேப்பிலைச் சருகும் எச்சமும் சேர்ந்தன. அவள் கடகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சருகையும் அள்ளிக்கொண்டு போனாள்.

அடுத்த நாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாள்தான் கிணற்றடியில் அந்த வார்த்தையைச் சொன்னது. பிறகு வரவில்லை. அவள் கூட்டும் வாரியல் மரத்தில் சாத்தியபடி இருந்தது.

முற்றத்தை வெயிலுமுத்தே கூட்டினார். கூட்டுவதற்கு அதிகம் இல்லை. அதில் அவருக்கு ஒரு நிறைவு.

அம்மா மத்தியானம் தன் கஞ்சியைச் சட்டியில் ஊற்றி, வாழையிலையால் மூடி, கண்மாய்ப் பக்கம் எடுத்துப் போவாள். மூடியபடியே திரும்பக் கொண்டுவருவாள். தானும் குடிக்க மாட்டாள். விரதம் போலிருக்கிறது என்று அவர் நினைத்தார்.

ஒன்பதாம் நாள் அம்மா கூப்பிட்டாள்.

"சடைச்சி வாரியலை விட்டுட்டுப் போயிட்டா. குடுத்துட்டு வாங்க ஐயா."

*

குடிசைக்குக் கதவு கிடையாது. ஒரு சாக்குத் தொங்கியது.

"யாரு?"

"நான்தான் தாயி. மடத்துலேர்ந்து."

சடைச்சி வெளியே வந்தாள். வாரியலைக் கண்டதும் முகம் மாறியது.

"இதுக்கா அண்ணாச்சி இம்புட்டுத் தூரம் வந்திய? உடம்புக்குச் சொகமில்ல. வருவேன்."

சாக்கு விலகிய இடைவெளியில் உள்ளே தெரிந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஓர் உருவம். கவிழ்த்து வைத்த பானை. அடுப்பில் இன்றைய சாம்பல் இல்லை. முந்திய நாளின் கரிதான்.

வாசலோரம் தானியம் புடைக்கும் சுளகு ஒன்று சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சல்லடை. சிறு கற்கள் ஒரு குவியலாக, பொறுக்கிப் போட்டவை.

சுளகின் பின்னலில் நாலைந்து கம்பு மணிகள் சிக்கியிருந்தன. கூடவே ஒரு சிவப்பு இறகு.

எந்தக் கோழியின் இறகு என்று அவருக்குத் தெரியும்.

வெயிலுமுத்து வாரியலைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"மூட்டையிலேர்ந்து ரெண்டு படி கொண்டாரேன் தாயி. இப்பவே."

"எதுக்கு?"

அவர் சுளகைப் பார்த்தார்.

"அது அய்யனார் கோழிக்கு நேர்ந்தது. அதுல கை வைக்கலாமா? அம்மா அவுக கஞ்சியைக் கொண்டாந்தாவ. வாங்கலை. அவுக பட்டினி கெடந்து நாங்க குடிக்கவா? சும்மா வாங்கி எங்களுக்குப் பழக்கமில்ல அண்ணாச்சி."

"அப்போ..."

"சிந்தினது வேற. கோழி போதும்னு விட்டது. அது கூட்டுறவளுக்கு."

சொல்லிவிட்டு அவள் சுளகை எடுத்து உள்பக்கம் வைத்தாள். மெதுவாக, அவசரமில்லாததுபோல.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"ரெண்டு நாளா வாயைத் தெறக்க மாட்டேங்கா. கருவேலங்காயை அவிச்சு ஊட்டினேன். துப்பிட்டா. மொகத்தைச் செவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா."

சாக்கு விழுந்தது.

வாரியலை வாசலில் சாத்திவிட்டு அவர் நடந்தார். கண்மாயின் நடுவில், வெடித்த களிமண்மேல், சற்று நேரம் நின்றார். பிறகு மறுபடி நடந்தார்.

*

அம்மா முற்றத்தில் இருந்தாள்.

"குடுத்துட்டீங்களா?"

"ஏம்மா என்னைத் தடுக்கலை?"

அம்மா குழாயடியைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சிந்தட்டும் விடுங்கன்னு."

"சொல்லியிருந்தா, மறுநாள் அவ கூட்டுறப்ப எதை அள்ளுறான்னு நீங்க அவ கையைப் பாத்திருப்பீங்க. அதுக்கப்புறம் அவ வந்திருக்க மாட்டா."

"இப்பவும் வரலையேம்மா."

"ஆமா."

காற்றில்லாமல் வேப்பமரம் அப்படியே நின்றது. கோழிகள் குழாயடியில் ஒழுங்காகத் தின்றுகொண்டிருந்தன.

"நீங்களாப் பாத்துருவீங்கன்னு இருந்தேன். நாளைக்குப் பாப்பீங்க, நாளைக்குப் பாப்பீங்கன்னு ஒன்பது நாள் இருந்துட்டேன்." அம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. "அது என் தப்பு ஐயா."

"அந்த அக்கா வாயைத் திறக்கலையாம்."

"தெரியும்."

அவர் தரையில் உட்கார்ந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"எதிர்ல உக்காந்துதாம்மா இருந்தேன்."

அது எந்த வீட்டைப் பற்றி என்று அம்மா கேட்கவில்லை.

சிவப்புப் பெட்டை ஒரு தடவை அலகால் வீசியது. கம்பு உதட்டில் பட்டு உள்ளேயே விழுந்தது.

"பழையபடி போட்டா மூட்டை தைக்கு முன்னாடியே தீர்ந்துரும்மா."

"தீரும்."

அவர் எழுந்தார். கோழிகளைக் கூண்டில் அடைத்தார். ரம்பத்தை எடுத்துவந்து மரத்தடியில் மண்டியிட்டு, முதல் குழாயின் உதட்டை அறுத்தார். பிறகு இரண்டாவது. நாலையும் அறுத்து முடித்து, விரலால் ஓரத்தைத் தடவி, பிசிறைச் சுரண்டி எடுத்தார்.

பிறகு பக்கத்துத் தொழுவத்துக்குப் போய்ச் சாணி அள்ளிவந்தார். தண்ணீர் விட்டுக் கரைத்தார். மரத்தடியிலிருந்து சுவரோரம் வரை, ஒரு கல் இல்லாமல் பொறுக்கிவிட்டு மெழுகினார்.

கூண்டுக்குள் கோழிகள் சத்தம் போட்டன. அவர் திறக்கவில்லை. பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து காத்திருந்தார்.

பிறகு, காய்ந்துவிட்டதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.