தளிர் என்று ஒரு மான்குட்டி

குளத்தங்கரைக் காட்டில் செவந்தி என்ற புள்ளிமான் ஒரு குட்டி ஈன்றது. மூன்றாம் நாளே நரி வந்து நின்றது.

“வாழ்த்துகள், செவந்தி! பெயர் வைத்தாயிற்றா?”

குட்டியை உயரமான புல்லுக்குள் ஒளித்துவிட்டுத்தான் செவந்தி வெளியே வந்தது. அந்த நரி, புலிராஜாவின் ஆள். ஆண் குட்டிகளைக் குகைக் காவலுக்கு அழைத்துப் போவது அதன் வேலை. போன வருடம் மாறன், எழிலன் என்ற இரண்டு குட்டிகள் போயின. “நல்ல பதவி, நல்ல சாப்பாடு!” என்றது நரி. அப்புறம் ஒரு சேதியும் இல்லை. கோடையில் காடே எலும்பும் தோலுமாய் அலைந்தது. நரிக்கு மட்டும் தொந்தி விழுந்திருந்தது. அது செவந்தியை உறுத்திக்கொண்டே இருந்தது.

“பெயர் தளிர்” என்றது செவந்தி.

நரி காதைச் சொறிந்தது. “தளிரா? அது ஆண் பெயரா, பெண் பெயரா?”

“பிள்ளைப் பெயர்!”

“விளையாடாதே! தளிரனா, தளிரியா?”

“வெறும் தளிர்தான்.”

நரி பல்லை இளித்தது. “சரி, சரி. பெண் குட்டியானால் ஆற்றங்கரைப் புல் முழுக்க உனக்கே என்கிறார் ராஜா. சொல்லிவிடேன்!”

புல்லே தின்னாத புலிக்குப் புல்லில் என்ன திடீர்த் தாராளம்? பெண் என்றால், ‘எங்கே, காட்டு!’ என்று நரி கேட்கும். ஆண் என்றால் அழைத்துப் போய்விடும். செவந்தி நரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புல் மேயத் தொடங்கியது.

நரி போனதும் அடுத்த புதரிலிருந்து அல்லி மான் வந்தது. அதற்கும் குட்டி பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

“உன் குட்டிக்கு ஏதோ குறையாம். அதனால்தான் மறைக்கிறாயாம். கூட்டம் முழுக்க இதே பேச்சு!”

“அல்லி, மாறன் உன் மூத்த பிள்ளைதானே? அவனைக் கடைசியாக எப்போது பார்த்தாய்?”

அல்லியின் முகம் சுண்டிப்போனது. “மூன்று தடவை போனேன். மூன்று தடவையும், தூங்குகிறான் என்று நரி திருப்பி அனுப்பிவிட்டது.”

செவந்தி அல்லியின் கழுத்தை நக்கிக்கொடுத்தது. பிறகு இரண்டும் சேர்ந்து மற்றத் தாய்மான்களைத் தேடிப் போயின.

மறுநாள் நரி மறுபடியும் வந்தது. அல்லியின் குட்டிக்கு முகில் என்று பெயர். அடுத்த குட்டிக்குச் சுடர். அதற்கடுத்ததற்கு மதி. ஒரு குட்டியும் புல்லைவிட்டுத் தலைகாட்டவில்லை.

“எல்லாரும் சேர்ந்து என்ன சூது செய்கிறீர்கள்?” என்று கத்திக்கொண்டே நரி புல்லுக்குள் நுழையப் பார்த்தது. கொம்புள்ள மான்கள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு குறுக்கே வந்து நின்றன.

நரி குகைக்கு ஓடியது. “ராஜா! பெயரை வைத்து ஒன்றும் தெரியவில்லை. எது ஆண், எது பெண் என்றே...”

நாலு நாள் பட்டினி கிடந்த புலி மெல்ல எழுந்தது.

“உன்னைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகமே இல்லை. நீ ஆண்தான். உள்ளே வா!”

இனிக்க இனிக்கப் பேசி வீட்டுச் சேதி கேட்பவனைச் சந்தேகிப்பதே, பெற்றவள் பிள்ளைக்குப் போடும் முதல் வேலி.