குலுக்கலில் விழுந்த பதவி

கேளுங்கள். உங்களுக்குத் தலை சுற்றினால் அதற்கு நான் பொறுப்பல்ல. எனக்கே இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி. அங்கே அரசியல் தத்துவப் பேராசிரியர் வேதவல்லி வாழ்நாள் முழுக்க ஒரே விஷயத்தைத்தான் ஆராய்ந்தார். தகுதியில் இருவர் சமமாக நின்றால், குடவோலைபோலச் சீட்டுக் குலுக்கித்தான் பதவியைத் தரவேண்டும். அப்போதுதான் வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சு எழாது. இதுதான் அவர் கட்சி. அவரிடம் ஆய்வு செய்த இசக்கிமுத்து அதை அப்படியே ஆதரித்து எழுதிப் பட்டம் வாங்கினான். இன்னொரு மாணவி ஜெயசீலியோ, காரணம் சொல்லாமல் கொடுப்பதும் அநியாயம், மறுப்பதும் அநியாயம் என்று எழுதி, ஆசிரியரின் கொள்கையையே பிரித்து மேய்ந்துவிட்டாள். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் பட்டம் கொடுத்தவரும் வேதவல்லிதான்.

துறையில் ஓரிடம் காலியானது. கடைசியில் மிஞ்சியது இந்த இருவர். இதை விட்டால் ஜெயசீலிக்கு வயது வரம்பு தாண்டிவிடும். தேர்வுக் குழுவில் வேதவல்லியோடு சேர்த்து மூவர். ஒருவர் ஜெயசீலிக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டார். இன்னொருவர் அதே அளவு இசக்கிமுத்துவுக்குக் கூட்டிப் போட்டார். வேதவல்லி இருவருக்கும் ஒரே மதிப்பெண் போட்டார். ஆக, சமம். மாலை ஐந்துக்குள் அரசுக்குப் பெயர் போகாவிட்டால் இடமே ரத்து.

“அதான் உங்க கொள்கை இருக்கே, மேடம்” என்றார்கள் மற்ற இருவரும். சீட்டு எழுதி, ஃபிளாஸ்க் மூடியில் போட்டுக் குலுக்கினார்கள். ஜெயசீலி பெயர் வந்தது. இருவரையும் உள்ளே அழைத்துச் சொன்னார்கள்.

அவள் முகம் வாடிவிட்டது. “சீட்டு விழுந்துச்சுங்கிறதுக்காக எனக்கு வேலை வேண்டாம் மேடம். ஏன் நான்னு ஒரே ஒரு காரணம் சொல்லுங்க, இப்பவே சேர்ந்துடறேன்.”

வேதவல்லி இசக்கிமுத்து பக்கம் திரும்பினார். “அப்போ நீ எடுத்துக்கப்பா.”

“சீட்டு அவங்களுக்குத்தானே மேடம் விழுந்துச்சு? நான் எடுத்தா, எழுதினதெல்லாம் பொய்னு ஆயிடும்.”

பாருங்கள் கூத்தை. குலுக்கலை நம்பாதவளுக்குக் குலுக்கல் கொடுக்கிறது; நம்புகிறவனை அதுவே தடுக்கிறது. மறுபடி குலுக்கலாம் என்றால், முதல் குலுக்கலுக்கு என்ன மரியாதை? மணி நாலே முக்கால்.

பேராசிரியர், மாணவர்கள் இருவர்; இந்த மூவரில் பிசகியவர் யார்?

என் விடை: பேராசிரியர்தான். மாணவர்கள் இருவரும் எழுதியபடி நின்றார்கள். குலுக்கல் சமமானவர்களுக்கு, இவர்களைச் சமமாக்கியதோ வேதவல்லியின் பேனா. ஜெயசீலிதான் கெட்டிக்காரி என்று அவருக்குத் தெரியாதா என்ன? அவளுக்குக் கூட்டிப் போட்டால் தன் கொள்கை தோற்றதாகும்; குறைத்துப் போட்டால் பழிவாங்கினார் என்பார்கள். பயந்துபோய் நடுவில் ஒளிந்துகொண்டு, அதற்கு நியாயம் என்று பெயர் வைத்துவிட்டார். எனக்குக் கோபமே அதில்தான். அந்தப் பெண் கேட்டது ஒரு காரணம். அதைச் சொல்ல இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது.