களவே இல்லாத சீமை

குன்றையூர்ச் சீமையின் எழுபது கிராமத்துக்கும் காவல் தலைவர் சேதுராயர். மூன்று வருஷமாகத் தம் எல்லையில் ஒரு களவுகூட இல்லையென்று அரண்மனைக்கு ஓலை விட்டுக்கொண்டிருந்தார். எப்படி இருக்கும்? களவு போச்சென்று எவன் வந்து சொன்னாலும், கள்ளன் அகப்படும்வரை சொன்னவன் காலைத் தொழுமரத்தில் மாட்டிப் பூட்டுவது அவர் வழக்கம். அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

சடச்சியின் புருஷன் திறந்துவிட்டான். உழவுமாடு இரண்டும் போயிற்று. ஒன்பது நாளாக அவன் காலும் மரத்தில். மழை பெய்து, விதைப்புப் பதம் கைநழுவிக்கொண்டிருந்தது. அவள் அரசவை விகடர் அழகநம்பியிடம் வந்து அழுதாள்.

விகடருக்குச் சிரிப்பு வரவில்லை. மீசை முறுக்கவா ஒரு சீமை இந்தக் காவல்காரர்களுக்குச் சோறு போடுகிறது என்று எரிந்தது.

"நாளன்னிக்குச் சபைக்கு வா தாயி. ராயருக்குப் பட்டம் கட்டுறாங்க."

அன்று சேதுராயர் முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றார்.

"குதிரை எங்கே ராயரே?" என்றார் ராஜா.

"மகாராஜாவைக் காண நடந்து வருவதுதானே மரியாதை."

விகடர் வாசலைக் காட்டினார். வெள்ளிச் சேணத்தோடு ஒரு சாம்பல் குதிரை. "இது உங்களுடையதோ?"

"பார்த்ததே இல்லை."

"அப்போ கேட்பாரில்லாதது. சடச்சி, ஓட்டிக்கொண்டு போய் ஏரில் பூட்டு. முரண்டு பிடித்தால் நாலு சாத்து."

அவள் கயிற்றைப் பிடித்தாள். ராயர் ஓடிவந்து மறித்தார். "ஏரிலா? அது அரபுக் குதிரை. என்னுடையது. நேற்று எவனோ..." நாக்கைக் கடித்தார்.

"எவனோ?"

"திருடிவிட்டான் மகாராஜா."

"களவைச் சொன்னவன் காலைத்தான் இவர் முதலில் பூட்டுவது" என்றார் விகடர். "இவள் புருஷனுக்கு இன்று பதினோராம் நாள்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அவனை விடுங்கள். அரண்மனைத் தொழுவத்திலிருந்து ஒரு சோடி மாடு கொடுங்கள். கள்ளன் அகப்படும்வரை அந்த மரத்தில் ராயர் இருக்கட்டும்."

"அவன் எப்போ அகப்படுவான்?" என்றார் ராயர்.

"உம்ம ஆட்கள் கண்டுபிடிக்கும்போது" என்றார் அழகநம்பி. "பட்டப்பகலில் சாவடி வாசலில் பன்னிரண்டு பேரும் ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள். குதிரையை அவிழ்த்துவிடப்பா என்றேன். ஒருத்தன் எழுந்து அவிழ்த்து, ஏறுவதற்குத் தோளும் கொடுத்தான். யோசித்து, விசாரித்து, நிதானமாக வரட்டும். நான் எங்கேயும் போகப்போவதில்லை."