இருபது என்று எழுதியவர்கள்

"பணத்துக்காக நர்ஸ் ஆகுறது தப்பா, பிரதர்?"

சுகிர்தா இதைக் கேட்டபோது அமலதாஸ் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரு தப்புன்னு சொன்னா?"

"எல்லாரும்."

"அப்ப என்கிட்ட ஏன் கேக்க?"

"நீங்கதான கையெழுத்துப் போடணும்."

அது நியாயம்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு வழக்கம். அதோடு சேர்ந்த செவிலியர் பள்ளியில் வருஷத்துக்கு எட்டுப் பேருக்கு இலவச இடம். படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். இடம் கேட்டு வருகிறவர்கள் முதலில் மூன்று நாள் வார்டில் நிற்க வேண்டும். மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குள் படிவம் ஆபீசுக்குப் போய்விட வேண்டும்.

படிவத்தில் மற்றதெல்லாம் சுலபம். பேர், ஊர், மார்க். ஒரே ஒரு கேள்விதான் ஆளைக் கொல்லும். 'நீங்கள் ஏன் செவிலியர் ஆக விரும்புகிறீர்கள்?' கீழே இரண்டு கோடு. அதற்கும் கீழே வார்டு செவிலியரின் கையெழுத்து. கோடு காலியாக இருந்தால் கையெழுத்து கிடையாது.

இன்றைக்கு மூன்றாம் நாள். மணி பதினொன்று. சுகிர்தாவின் கோடு காலி.

இடம் கிடைக்காவிட்டால் என்ன என்பது வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் மாமா சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமை பஸ்.

"ஷைனி எழுதிட்டா பிரதர். ரெண்டு கோடு பத்தாம பின்பக்கமும் எழுதியிருக்கா."

ஷைனி இவளோடு அதே வார்டில் நிற்கிறவள். யாராவது முனகினால் அவளுக்குக் கண் கலங்கிவிடும். நடிப்பென்றால் சுகிர்தா சிரித்துவிட்டுப் போயிருப்பாள். நடிப்பில்லை. நிஜமாகவே கலங்கும். அதுதான் எரிச்சல்.

"அன்பு, கருணை, சேவைன்னு எழுதியிருக்கா. எனக்கு அப்படி ஒண்ணும் வரல. எங்க பெரியம்மா மக குவைத்துல நர்ஸா இருக்கா. வீட்டுக்குள்ளயே பாத்ரூம் வச்சு வீடு கட்டிட்டா. எனக்கும் அந்த மாதிரி வீடு வேணும். அதை எழுதினா சீட்டு தர மாட்டாங்க. கருணைன்னு எழுதினா பொய். நீங்களே சொல்லுங்க. பணமா, கருணையா?"

ஆறாம் படுக்கையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மாசானமுத்து. பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா மாஸ்டர். முந்தாநாள்தான் வயிற்றில் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது.

"நான் என்ன... கருணையிலயா பிள்ள... பரோட்டா வீசுதேன்?"

சிரித்ததில் தையல் இழுத்திருக்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அமலதாஸ் சிரிக்கவில்லை. அவருக்கு முப்பத்திரண்டு வயது. ரியாத்தில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பெண் நர்ஸ்களை சிஸ்டர் என்பதுபோல வார்டில் இவரை எல்லோரும் பிரதர் என்பார்கள். இரண்டு வார்த்தையில் முடிகிற காரியத்துக்கு மூன்றாவதைச் செலவழிக்க மாட்டார்.

ஷைனியையும் கூப்பிட்டார். இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்.

"பத்துப் படுக்கை. ஆளுக்கு அஞ்சு. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு எண்ணி எழுதிட்டு வாங்க."

"பிரதர், நான் கேட்டது..."

"எண்ணிட்டு வா."

போனார்கள். வந்தார்கள்.

அமலதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு பேரு. ஆளுக்கு ஒரு நிமிஷம். மூணு நிமிஷத்துல எப்படி வந்தீங்க?"

ஷைனி சீட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

சுகிர்தாவின் சீட்டை வாங்கிப் பார்த்தார். இருபது, இருபது, இருபது, இருபது, இருபது.

ஷைனியின் சீட்டையும் பார்த்தார். இருபது, இருபது, இருபது, இருபது, இருபது.

"நீ சொல்லு."

"கட்டில்ல தொங்குற எல்லா சார்ட்டுலயும் இருபதுன்னுதான் இருந்துச்சு," என்றாள் சுகிர்தா. "பார்த்து எழுதிட்டேன். எதுக்கு வெட்டியா நின்னுக்கிட்டு?"

"நீ?"

ஷைனியின் கண் அதற்குள் கலங்கிவிட்டது. "மூணு பேரு தூங்கிட்டு இருந்தாங்க பிரதர். பக்கத்துல போனா முழிச்சிருவாங்களேன்னு பாவமா இருந்துச்சு."

அமலதாஸ் இரண்டு சீட்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல எது பணம்? எது கருணை?"

சுகிர்தா பார்த்தாள். ஷைனியின் இருபது கொஞ்சம் அழகாக இருந்தது. அவ்வளவுதான்.

"மறுபடி போங்க."

போகுமுன் ஒன்று சொல்லிக்கொடுத்தார். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். கண் நெஞ்சில் இருக்க வேண்டும். மூச்சை எண்ணுகிறேன் என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் போச்சு, மூச்சை மாற்றிவிடுவார்கள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிற வேலையும் கூடாது.

"முழு நிமிஷம்," என்றார்.

*

சுகிர்தா ஆறாம் படுக்கையில் ஆரம்பித்தாள். மாசானமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன பிள்ள... கல்யாண ராசி பாக்கியா?"

"நாடி பாக்கேன் அண்ணாச்சி."

பொய்தான். ஆனால் சொல்லிக்கொடுத்த பொய்.

ஒன்று, இரண்டு, மூன்று. பத்து வரைக்கும் ஒழுங்காக வந்தது. அதற்குள் திங்கட்கிழமை பஸ் குறுக்கே வந்துவிட்டது. பனியன் கம்பெனியில் எத்தனை மணிக்கு எழுப்புவார்கள்? எண்ணிக்கை போயிற்று.

திரும்பவும் ஒன்று.

"இந்த ஆஸ்பத்திரி இட்லிய... சுவத்துல எறிஞ்சா... சுவரு உடையும்."

போயிற்று.

"அண்ணாச்சி, ஒரே ஒரு நிமிஷம் வாயை மூடுங்க."

மாசானமுத்துவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "என் பொண்டாட்டி கூட... இப்படிச் சொன்னதில்ல பிள்ள." சொல்லிவிட்டு நிஜமாகவே வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாம் தடவை. போர்வையில் ஒரு பச்சைக் கோடு இருந்தது. அது ஏறியது, இறங்கியது. அதையே பார்த்தாள். ஏறினால் ஒன்று. மறுபடி ஏறினால் இரண்டு. சுவர்க் கடிகாரத்தின் முள் ஒரு சுற்று சுற்றி வந்தது.

முப்பத்தொன்று.

இருபதை ஒட்டி இருக்க வேண்டியது. தப்பாக எண்ணிவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். இன்னொரு தடவை எண்ணினாள்.

முப்பத்திரண்டு.

அவர் விரலில் மாட்டியிருந்த மெஷின் ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்றைந்து என்று காட்டியது. அது பரவாயில்லை என்று நேற்றே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆளும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் இவர் ஏன் ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாக்கிப் பேசுகிறார்? காலையிலிருந்தே அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறாரா? யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. காலையிலிருந்து அவரை அவள் கவனிக்கவே இல்லை.

"நாடி எப்படி... ஓடுது?"

"நல்லா ஓடுது அண்ணாச்சி. இந்தா வந்துருதேன்."

ஓடத்தான் தோன்றியது. ஓடினால் அவர் பயந்துவிடுவார். நாலைந்து அடி சாதாரணமாக நடந்தாள். அவர் கண்ணிலிருந்து மறைந்த பிறகு ஓடினாள்.

"பிரதர், ஆறு. முப்பத்திரண்டு."

அமலதாஸ் வந்தார். மணிக்கட்டைப் பிடித்தார். முழு நிமிஷம் நின்றார். பிறகு அவர் செய்ததெல்லாம் படபடவென்று நடந்தது. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினார், ஆக்சிஜனை மாட்டினார், போனில் டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் வந்து முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். வலது பக்கம், கீழே. எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். படம் வந்தது. நுரையீரலில் சளி கட்ட ஆரம்பித்திருந்தது. வயிற்றுத் தையல் வலிக்கிறது என்று மனுஷன் இரண்டு நாளாக இருமாமலே இருந்திருக்கிறார்.

"நல்லவேளை இப்பவே தெரிஞ்சுது," என்றார் டாக்டர். "ராத்திரி வரைக்கும் விட்டிருந்தா செயற்கை மூச்சுக்குக் குழாய் போட வேண்டி வந்திருக்கும். அரைமணிக்கு ஒரு தடவை எண்ணுங்க."

மாத்திரை, ஊசி எல்லாம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

*

சுகிர்தா ஆறாம் படுக்கையின் சார்ட்டைக் கையில் எடுத்தாள்.

காலை பத்து மணி. மூச்சு: இருபது.

"இதை யாரு எழுதினது?"

ஷைனி அவள் இடுப்பில் முழங்கையால் இடித்தாள். சுகிர்தா நகரவில்லை.

"நான்," என்றார் அமலதாஸ்.

"எண்ணினீங்களா?"

அமலதாஸ் சார்ட்டில் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"இல்ல."

"காலையில இருபதாவே இருந்திருக்கலாம்ல பிரதர்," என்றாள் ஷைனி அவசரமாக.

"இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது."

சுகிர்தாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "எங்களை மட்டும் திருப்பி அனுப்பினீங்க?"

"ஆமா."

"நீங்க எதுக்கு பிரதர் இந்த வேலைக்கு வந்தீங்க? பணத்துக்கா, கருணைக்கா?"

"ரியாத்துக்குப் போனது பணத்துக்கு." அமலதாஸ் பத்துப் படுக்கையையும் கையால் காட்டினார். "திரும்பி வந்தது இவங்களுக்காக."

சார்ட்டை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"இன்னைக்குக் காலையில பத்து மணிக்கு என்கிட்ட ரெண்டுமே இருந்துச்சு."

இருபதின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார். அடித்த பிறகும் இருபது தெரிந்தது. பக்கத்தில் 'எண்ணவில்லை' என்று எழுதினார். கீழே தேதி, நேரம், கையெழுத்து.

"உங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்களே?" என்றாள் சுகிர்தா. குரல் இறங்கியிருந்தது.

"கேக்கட்டும்."

*

அதற்குப் பிறகு அரைமணிக்கு ஒரு தடவை இரண்டு பேரும் எண்ணினார்கள். முதலில் சுகிர்தா, பிறகு அமலதாஸ். அவள் எண்ணியது சீட்டில், அவர் எண்ணியது சார்ட்டில். முப்பது. முப்பது. இருபத்தெட்டு. நடுவில் ஒரு தடவை முப்பத்திரண்டுக்கே போனது. அப்போது சுகிர்தா வாங்கி வைத்திருந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மறுபடி இருபத்தெட்டு. இருபத்தேழு. மாசானமுத்து மூக்கில் குழாயோடு தூங்க ஆரம்பித்தார். மிச்ச நாலு படுக்கையையும் சுகிர்தா நடுநடுவே எண்ணி முடித்தாள்.

ஷைனி ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் முழு நிமிஷம் எண்ணி முடித்துவிட்டு வந்தாள். பதினாறு, இருபத்திரண்டு, பதினெட்டு, பதினெட்டு, பதினாலு. "ஒருத்தருக்குக் கூட இருபது இல்ல," என்றாள், ஏதோ திருட்டைக் கண்டுபிடித்தவள்போல. அவள் படிவத்தில் அமலதாஸ் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அவள் மாடிப்படி இறங்கி ஆபீசுக்குப் போனாள்.

மணி மூன்று நாற்பத்தைந்து. ஆபீசிலிருந்து போன் வந்தது. அமலதாஸ் கேட்டுவிட்டு வைத்தார்.

"இன்னும் ஒரு படிவம் வரணும்ங்கிறாங்க. நாலு மணிக்குப் பூட்டிருவாங்க."

சுகிர்தா படிவத்தை மேஜைமேல் விரித்தாள். பேனா மூடியைத் திறந்தாள். முதல் கோட்டில் முள்ளை வைத்தாள். வைத்த இடத்தில் ஒரு புள்ளி விழுந்தது. அவ்வளவுதான். ஒரு வார்த்தை வரவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பத்தொன்பது.

"அடுத்த எண்ணிக்கை மூணு அம்பதுக்கு," என்றாள்.

"நான் பாத்துக்கறேன். நீ எழுது."

"நீங்களா?"

"ஆமா. ஏன்?"

"நீங்க இருபதுன்னு எழுதிருவீங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். ஆனால் அமலதாஸ் சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

"இந்த இடம் உனக்கு வேணுமா, வேண்டாமா?"

"வேணும். ரொம்ப வேணும்." அவள் பேனாவை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். "பணம்னே எழுதிருங்க பிரதர். நேரமாயிடுச்சு."

போயே போய்விட்டாள்.

அமலதாஸ் முதல் கோட்டில், அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில், 'பணம்' என்று எழுதினார். இரண்டாவது கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார்.

அப்புறம்தான் கவனித்தார். அவள் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் ஒன்று மிச்சமிருந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு ஆறாம் படுக்கைக்குப் போனார்.

"சுகிர்தா, இதுல ஒரு கையெழுத்து..."

அவள் நிமிரவில்லை. ஒரு கை மாசானமுத்துவின் மணிக்கட்டில் இருந்தது. மற்றக் கையை மட்டும் உயர்த்தி, உள்ளங்கையை அவருக்கு நேராகக் காட்டினாள்.

அமலதாஸ் வாயை மூடிக்கொண்டு, படிவத்தோடு அங்கேயே நின்றார். முழு நிமிஷம்.