குளவிக்கு விட்ட மூலை

மண்ணும் மரமும் பூச்சியும் ஒரே பேச்சில் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மனிதர்களுக்கு வீடு என்று ஒன்று கிடையாது. குருவிக்கு இருந்தது, கறையானுக்கு இருந்தது, நண்டுக்குக்கூட ஒரு வளை இருந்தது. மனிதன் மட்டும் பாறை இடுக்கில் படுத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன் போலப் பேசிக்கொண்டிருந்தான்.

ஒரு செம்மண் பூமியில், கரட்டின் அடிவாரத்தில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். முந்தின மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பாறை இடுக்கில் எங்கே படுக்க வைத்தாலும் ஒழுகியது. இவள் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு முதுகில் மழையை வாங்கினாள். ஆனாலும் குளிர் எந்த வழியாகவோ உள்ளே வந்து, பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. இப்போது மறுபடி வயிறு நிறைந்து நின்றாள். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. இந்தப் பிள்ளை நனையக் கூடாது. அவ்வளவுதான்.

"மாமா, நாலு பக்கமும் அடைச்சு ஒரு இடம் வேணும்," என்றாள் புருஷனிடம்.

புருஷன் பெயர் பொதியன். நல்லவன்தான், ஆனால் அவனைவிட அவன் அவசரம் மூத்தது. குளத்தங்கரையிலிருந்து ஈரமண்ணை அள்ளி அள்ளிக் கொட்டினான். பொழுது சாய்வதற்குள் ஆள் உயரத்துக்குச் சுவர் வந்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் சுவர் படுத்திருந்தது. மறுபடி எழுப்பினான். அது மறுபடி படுத்தது.

"இந்த மண்ணுக்குச் சோம்பல், புள்ள," என்றான்.

அடுத்த சுவர் விழும்போது அவன் காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. காத்தாயி சிரித்துக்கொண்டே இழுத்துவிட்டாள். சிரித்து முடித்ததும் அழுதாள். கரட்டின் உச்சியில் மேகம் வந்து உட்கார ஆரம்பித்திருந்தது.

அவர்கள் படுத்திருந்த பாறையிலேயே ஒரு குளவி கூடு கட்டிக்கொண்டிருந்தது. இடுப்பு என்று ஒன்று இருக்கிறதா என்று சந்தேகம் வரும்படியான குளவி. கூடு கட்டைவிரல் அளவுதான். ஆனால் ஆடிக்காற்று அடித்தபோதுகூட அதிலிருந்து ஒரு பொடி உதிரவில்லை. காத்தாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பகலெல்லாம் அதையே பார்த்துக் கிடப்பாள். பார்க்கப் பார்க்க, அந்தக் கூடு பெரிதாகி, அதற்கு வாசல் வந்து, வாசலில் தன் பிள்ளை தவழ்வது போலத் தோன்றும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பாள். அதே குளத்து மண், அதே தண்ணீர். நம் மண் விழுகிறது, இதன் மண் மட்டும் எப்படி நிற்கிறது?

உள்ளே எதையோ வைத்துக் கட்டுகிறது என்று நினைத்தாள். பிசினாக இருக்கும். இல்லாவிட்டால் நாராக இருக்கும். கேட்டால் சொல்லவா போகிறது? எவள் தன் கைப்பக்குவத்தை அடுத்தவளுக்குச் சொல்லியிருக்கிறாள்?

குளவி மண்ணெடுக்கப் போயிருந்த நேரத்தில், ஒரு குச்சியை எடுத்துக் கூட்டைப் பெயர்த்தாள்.

உள்ளே பிசினும் இல்லை, நாரும் இல்லை. நாலைந்து பச்சைப் புழுக்கள் இரைக்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நடுவில், வெள்ளை வெளேரென்று, கண் திறக்காத குஞ்சு ஒன்று. வெயில் பட்டதும் நெளிந்தது. காத்தாயி பதறிப்போய் அதை உள்ளங்கையில் எடுத்தாள். கையில் இருப்பதே தெரியாத அளவுக்குத்தான் கனம். இன்னொரு முறை நெளிந்தது. பிறகு நெளியவில்லை.

அப்போது குளவி திரும்பி வந்தது. வாயில் மண் உருண்டை. கூடு இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. தான்தான் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று பாறையின் மறுபக்கம்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அதைப் பார்க்கக் காத்தாயியால் முடியவில்லை.

"அக்கா, நான்தான்," என்றாள். "உள்ள என்னத்த வச்சுக் கட்டுறேன்னு பாக்கத்தான்..."

குளவி அவள் உள்ளங்கையைப் பார்த்தது.

"உள்ள எம் புள்ளைய வச்சுக் கட்டுனேன்," என்றது.

காத்தாயி வலது கையை நீட்டி, "கொட்டு அக்கா. உன் விஷம் தீருற வரைக்கும் கொட்டு," என்றாள்.

"ரெண்டு உசுரா நிக்கிற. உன்னக் கொட்டுனா யாருக்கு வலிக்குமோ," என்றது குளவி. அவள் கையிலிருந்த குஞ்சை ஒருமுறை சுற்றி வந்தது. பிறகு, "நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, புள்ளத்தாச்சி," என்றது.

அந்த ஒரு வார்த்தை நூறு கொட்டாகக் காத்தாயிக்கு வலித்தது.

குளவிக்கு உட்கார்ந்து அழ நேரமில்லை. வாயில் மண் காய்ந்துகொண்டிருந்தது, வயிற்றில் இன்னொரு முட்டை இருந்தது. அது பாறையில் உட்கார்ந்து மறுபடி கட்டத் தொடங்கியது. கட்டும்போது ரீங்காரம் செய்தது. "காத வச்சுக் கேளு," என்றது காத்தாயியிடம். அவள் பாறையில் காதை வைத்தாள். கல்லுக்குள் அந்த ஓசை ஓடியது. ஓசையில் மண் உருண்டை அதிர்ந்தது, அதிர்ந்த மண் இளகியது, இளகிய மண் பழைய மண்ணின் இடுக்கெல்லாம் தேடித் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு வரி முடிந்ததும் குளவி கைவேலையை நிறுத்திவிட்டது.

"இனி?" என்றாள் காத்தாயி.

"இனி காயணும். ஈரத்து மேல ஈரத்த வச்சா ரெண்டும் உக்காந்துரும்."

காத்தாயி அந்தக் குஞ்சை வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு, பொதியனிடம் போனாள். இருவரும் மண்ணைக் குழைத்து மிதித்தார்கள். காலால் அவ்வளவு வேகமாக அதிர முடியாது, ஆனால் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று குளவி மாதிரி இழுத்தபடி மிதித்தால், கால் தானாக ஒரு தாளத்துக்கு வந்தது. மண் வெண்ணெயாகக் குழைந்தது. முழங்கை உயரத்துக்கு ஒரு வரி வைத்தார்கள். பொதியன் அடுத்ததற்கு மண்ணை அள்ளிவிட்டான்.

"வையி கீழ. காயட்டும்," என்றாள் காத்தாயி.

"மேகத்தப் பாத்தியா, புள்ள?"

"பாத்தேன். காயட்டும்."

பாவம் பொதியன், சும்மா இருப்பதைப் போலக் கஷ்டமான வேலையை அவன் அதுவரை செய்ததே இல்லை. ஆனால் வரி காய்ந்தது. அதன் மேல் அடுத்த வரி நின்றது. அதன் மேல் இன்னொன்று. சுவர்கள் தலைக்கு மேல் போயின. பனையோலை வேய்ந்த அன்றைக்கே மழை இறங்கியது, காத்தாயிக்கு வலியும் கண்டது.

உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. அவள் பாயில் புரண்டபடி அண்ணாந்து அண்ணாந்து பார்த்தாள். சுவர் நின்றது. ஓலைக்கு மேல் மழை எங்கோ தூரத்தில் பெய்வது போலக் கேட்டது.

அப்போது வாசலில் குளவி வந்து நின்றது. இறக்கையெல்லாம் நனைந்திருந்தது. பாறையில் வாய்க்கு ஓர் உருண்டையாகத் தனியாகக் கட்டிக்கொண்டிருந்த புதுக்கூட்டை, முடிந்து காய்வதற்குள் மழை வந்து கரைத்துவிட்டது. முதல் கூட்டைக் காத்தாயி உடைக்காமல் இருந்திருந்தால், எல்லாம் எப்போதோ காய்ந்திருக்கும். முட்டை இன்னும் அதன் வயிற்றில்தான் இருந்தது. வாயில் ஒரு மண் உருண்டை. ஆனால் அது உள்ளே வரவில்லை, வாசலுக்கு நேராக அந்தரத்திலேயே ரீங்கரித்துக்கொண்டு நின்றது.

பொதியன் ஓலை ஒன்றை ஓங்கினான்.

"மாமா, ஓலையக் கீழ போடு!" என்று காத்தாயி போட்ட சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது. பிறகு குளவியைப் பார்த்துச் சொன்னாள்: "உள்ள வா அக்கா. இது நீ சொல்லிக் கொடுத்த சுவரு. எந்த மூலை வேணுமோ எடுத்துக்க. எங்க ஆளுக ஒருத்தரும் உன் கூட்டத் தொடமாட்டாக. எம் புள்ள மேல சத்தியம்."

குளவி உள்ளே வந்தது. வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவள் தலைக்கு நேர் மேலே இருந்த மூலையில் உட்கார்ந்தது. ரீங்காரம் சுவரில் இறங்கி, சுவரிலிருந்து தரைக்கும் பாய்க்கும் வந்தது. காத்தாயியும் பல்லைக் கடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து 'ம்ம்ம்' என்று முனகினாள். அந்த ஓசைக்குள் பிள்ளை பிறந்தது. நனையாமல் பிறந்தது. அதை நெஞ்சில் போட்டுக்கொண்டு, குளவியின் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அவள் அழுதாள்.

குளவி காட்டைவிட்டு வீட்டு மூலை தேடி வரத் தொடங்கியது அன்றைக்குத்தான். கூடு தெரிந்தால் ஒட்டடைக் கம்பு அந்த மூலையை விட்டுவிட்டுப் போவதும், மூலையில் ரீங்காரம் கேட்டால், "யாருக்கோ விசேஷம்" என்று வீட்டுப் பெண்கள் சிரித்துக்கொள்வதும், பிள்ளைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே தாய்மார் 'ம்ம்ம்' என்று அதை உறங்க வைப்பதும் அன்று தொடங்கியவைதான். குளவிக்கு இப்போது பேச்சு இல்லை. ஆனாலும் இன்றுவரை, உள்ளே நுழையுமுன் வாசலுக்கு நேராகச் சற்று நின்று ரீங்கரித்துவிட்டுத்தான் வருகிறது. வரலாமா என்று அது நம்மைக் கேட்கிறது. நாம்தான் அன்றைக்கு அதனிடம் கேட்கவில்லை.