மந்தங்குளம் முன்னேறிய கதை

மந்தங்குளத்துக்காரர்களிடம் இல்லாதது அறிவு ஒன்றுதான் என்று பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். மந்தங்குளத்துக்காரர்களைக் கேட்டால், இல்லாதது காசு ஒன்றுதான் என்பார்கள்.

அந்த ஊரின் வாரச்சந்தை படுத்துவிட்டது. வெளியூர் வியாபாரிகள் எல்லோரும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வளையனூருக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர் வெங்காய வியாபாரி பொன்னுரங்கம் ஒருவர்தான். அடுத்த சந்தையிலும் ஈ ஓட்ட வேண்டியிருந்தால் தானும் அக்கரைக்குப் போய்விடுவதாக அவரும் சொல்லிவிட்டார்.

ஊர்த்தலைவர் வீரணன் அன்றைக்கே கிளம்பிவிட்டார். டீக்கடை ஒச்சப்பனையும் காய்கறிக்கடை சீனியம்மாளையும் கூட்டிக்கொண்டு வளையனூருக்குப் போனார். அங்கே அரிசி ஆலை வைத்திருந்த சங்கரமூர்த்தியிடம், உங்கள் ஊர் மட்டும் எப்படிச் செழிக்கிறது என்று நேராகவே கேட்டார்.

“அதுல ரகசியம் ஒண்ணும் இல்லீங்க” என்றார் அவர். “இங்க ஒருத்தர் சொன்னா இன்னொருத்தர் நம்புவோம். யாரும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார மாட்டோம். எங்க போனாலும் முண்டியடிக்காம வரிசையில நிப்போம். அவ்வளவுதான்.”

மூன்றுமே செலவில்லாத காரியம். வீரணனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் திரும்பியதும் தண்டோரா போட்டு அறிவித்துவிட்டார்.

முதலில் நம்பிக்கை. மறுநாள் காலையில் ஒச்சப்பன் கடையில் டீ குடித்தவர்கள் எல்லோரும், காசு கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்கள். ஒச்சப்பன் நம்பினான். பால்காரர் வந்து பாக்கியைக் கேட்டபோது, நேற்றே கொடுத்துவிட்டேனே என்றான். பால்காரரும் நம்பினார். வீட்டுக்குப் போய்த் தன் மாட்டிடம், உனக்குத் தீவனம் போட்டாயிற்று என்று சொன்னார். மாடு வளையனூர்ச் சந்தையில் வாங்கியது, நம்பவில்லை. உதைத்ததில் பால்காரருக்கு முழங்கால் வீங்கிப்போனது. அத்தோடு ஊரில் பாலும் நின்றது. நம்பிக்கைக்குப் பங்கம் விளைவித்தது வெளியூர் மாடுதான் என்று பஞ்சாயத்தில் முடிவானது.

அடுத்தது கை விஷயம். அதில்தான் பெரிய விவாதம் வந்தது.

“கையைக் கட்டிக்கிட்டு உட்காரத்தானே கூடாது? கட்டிக்கிட்டு நிக்கலாமா தலைவரே?” என்று கேட்டான் ஒச்சப்பன்.

வீரணன் வெகுநேரம் யோசித்தார். “நிக்கலாம். அதே மாதிரி, கையைத் தொங்கப் போட்டுக்கிட்டா உட்காரவும் செய்யலாம்.”

“அப்ப படுத்துக்கிட்டா?”

“படுக்கிறதைப் பத்தி அவர் ஒண்ணுமே சொல்லலை.”

ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. வயற்காட்டில் பாதிப்பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்; பாதிப்பேர் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார்கள். சட்டத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் படுத்துவிட்டார்கள். களை மட்டும் ஓய்வில்லாமல் வளர்ந்தது.

அதற்குள் சந்தை நாள் வந்துவிட்டது. வரிசையில் நிற்பது ஒன்றுதான் பாக்கி. விடிந்ததும் ஊரே திரண்டு வந்து வரிசையில் நின்றது. காய் வாங்க வந்தவர்களோடு சீனியம்மாளும் நின்றாள். கடையில் யார் இருப்பது என்று யாரோ கேட்டதற்கு, நானும் இந்த ஊர்க்காரிதானே, எனக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா என்றாள். நியாயம்தானே என்று எல்லோருக்கும் பட்டது. மற்ற கடைக்காரர்களும் இறங்கி வந்து நின்றார்கள்.

ஆனால் கடைசியில் நிற்க யாருக்கும் மனசு வரவில்லை. கடைசி ஆள் ஓடிப்போய் வேறொருவர் முன்னால் செருகிக்கொள்வார். அப்போது இன்னொருவர் கடைசியாகிவிடுவார். அடிதடி ஆகும்போல இருந்தது. வீரணன்தான் வழி கண்டுபிடித்தார்.

“வரிசையைக் குளத்தைச் சுத்திக் கொண்டுபோங்க. கடைசி ஆளுக்குப் பின்னால முதல் ஆள் நிக்கட்டும். யாருக்கும் அவமானம் இல்லை.”

அப்படியே ஆயிற்று. வளையனூரில்கூட இவ்வளவு அழகான வரிசை கிடையாது.

பொன்னுரங்கம் வெங்காய வண்டியோடு வந்து சேர்ந்தார். இவ்வளவு கூட்டத்தை அந்த ஊரில் அவர் பார்த்ததே இல்லை. ஆசையாக வண்டியை நிறுத்தி, மூட்டையை எங்கே இறக்கட்டும் என்று கேட்டார். எதுவானாலும் வரிசையில் வரச் சொன்னார்கள். வரிசையின் கடைசி எங்கே என்று கேட்டார். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் கையைக் காட்டினார். மனுஷர் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் வண்டியிடமே வந்து நின்றார். கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டார்.

அவர் நகர்ந்து போவதைப் பார்த்தவர்கள் வரிசை நகர்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு அடி எடுத்துவைத்தார்கள். பின்னால் இருந்தவர்களும் எடுத்துவைத்தார்கள். வரிசை நிஜமாகவே நகர்ந்தது.

“எங்க தலைவரே போறோம்?” என்று கேட்டாள் சீனியம்மாள்.

“முன்னேறிக்கிட்டிருக்கோம். நடுவுல கேள்வி கேக்காதே” என்றார் வீரணன்.

குளக்கரையை ஒட்டி நடந்து கடைவீதிப் பக்கம் வந்ததும் ஒச்சப்பனுக்கு நாக்கு வறண்டது. எதிரே ஒரு டீக்கடை திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தான். அடுப்பு அணைந்திருந்தது, கல்லாவில் ஆள் இல்லை.

“ஒரு டீ குடிக்கலாம்னு பாத்தா, கடையைத் திறந்து போட்டுட்டு எங்கேயோ போயிட்டான் தலைவரே” என்றான் ஒச்சப்பன்.

வீரணன் ஒச்சப்பனுடைய கடையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“இவனை மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும் ஒச்சு, ஊர் உருப்பட்டுரும். நீ நட.”

ஒச்சப்பன் அந்தக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டே நடந்தான்.