விருந்தாளிகள் வராத கல்யாண வீடு

விருதுநகரில் ஒரு மகளிர் விடுதி அறையில் வயதான மடிக்கணினி ஒன்று இருந்தது. அதற்கு இடம் குறைவு, ரோஷம் அதிகம்.

அதன் சொந்தக்காரி கனிமலர், மினிபஸ் வரும் நேரத்தைச் சொல்லும் செயலி ஒன்றை எழுதியிருந்தாள். மாலை நான்கு மணிக்குள் அது இணையத்தில் ஓடினால்தான் அவளுக்கு வேலை. அது ஓட, பிறர் எழுதிய மென்பொருள் தொகுப்புகள் சில வேண்டும்.

"எல்லாரையும் வரச் சொல்லுங்க! கல்யாண வீடு நான்தானே?" என்றது மடிக்கணினி.

முதலில் தேதித் தொகுப்பு வந்தது. பின்னாலேயே அதன் சொந்தபந்தம் நாற்பது பேர்.

"இவர் யாரு?"

"எங்க சித்தப்பாவோட சகலை. அவர் இல்லாம நான் எங்கயும் போறதில்ல."

அடுத்து வரைபடத் தொகுப்பு தன் குடும்பத்தில் பாதியை இறக்குவதற்குள் மடிக்கணினிக்கு மூச்சு முட்டியது. திரை அப்படியே நின்றது.

"இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குடி," என்றாள் அறைத்தோழி அருள்மேரி.

மடிக்கணினிக்குப் பகீரென்றது.

அப்போது மூலையில் கிடந்த பட்டியல் என்ற சின்னக் கோப்பு செருமியது. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இவங்க இங்க எதுக்கு?"

"வீட்டுக்குக் கூப்பிடாம கல்யாணமா? நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"செயலி ஓடப்போறது தூரத்துல இருக்கிற பெரிய சர்வர்ல. அதுதான் மண்டபம். யார் வரணும், கூட யார் வருவாங்க, எந்தப் பதிப்புன்னு நாம எழுதி அனுப்பினாப் போதும்."

"வராமலே அவங்க குடும்பம் எப்படித் தெரியும்?"

"தொகுப்புகளையெல்லாம் வச்சிருக்கிற இணையக் கிடங்குல எல்லா விவரமும் இருக்கு. கேட்டாச் சொல்லுவாங்க."

கனிமலருக்கும் அதே யோசனை வந்தது. நின்றுபோன மடிக்கணினியை மறுபடி இயக்கி, வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, 'யாரையும் இறக்காதே, பட்டியலை மட்டும் எழுது' என்று கட்டளை கொடுத்தாள்.

மடிக்கணினி விசாரிக்க, பட்டியல் எழுதியது. நடுவில் ஒரு தகராறு. இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான ஒரு மாமாவின் புதுப் பதிப்பைத் தேதி வீட்டார் கேட்டார்கள். அது வரைபட வீட்டாருக்கு ஆகாது. மடிக்கணினி பொறுமையாகத் தேடி, இரு வீட்டாருக்கும் ஒத்துவரும் பதிப்பு ஒன்றைக் கண்டுபிடித்தது. சம்பந்தியைச் சமாதானம் செய்த பெருமை அதற்கு!

மூன்றே முக்காலுக்குப் பட்டியல் கிளம்பிப் போனது. நான்கு மணிக்குள் பட்டியலில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒருவர் குறையாமல் சர்வரில் கூடினார்கள்.

"ஏய், ஓடுதுடி!" என்று குதித்தாள் அருள்மேரி. "இதைப் போய்த் தூக்கிப் போடச் சொன்னேனே!"

மடிக்கணினி கூச்சத்தோடு சர்வரிடம் சொன்னது: "எல்லாம் உங்க தயவு. என்கிட்ட ஒரு பாய் விரிக்கக்கூட இடமில்ல."

சர்வர் சிரித்தது. "என்கிட்ட ஆயிரம் பேருக்கு இடமிருக்கு. யாரைக் கூப்பிடணும்னுதான் எனக்குத் தெரியாது."